பதக்கம் யாருக்கு? நெடுந்தூர ஓட்டத்தைக் கணிப்பது பற்றி வாசகர் கேள்வி பதில்

ஜப்பானின் நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி 2026 செப்டம்பர் 19 அன்று தொடங்குகிறது. அதையொட்டித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வந்தவற்றில் பெரும்பாலானவை 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களைப் பற்றியவை என்பது எனக்கு வியப்பாக இல்லை. காலை ஐந்தரை மணிக்குத் தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கின் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பகுதியில் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பது தெரியும்.

கேள்வி: குல்வீர் சிங் 2025 மார்ச்சில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 0.22 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். சீனாவின் ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசியப் போட்டியில் அதே ஓட்டத்தின் தங்கம் 28 நிமிடம் 13.62 விநாடிக்குக் கிடைத்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருக்கும்போது நகோயாவில் தங்கம் உறுதி என்கிறேன் நான். உடன் வேலை செய்யும் நண்பர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். யார் சொல்வது சரி? (வங்கி ஊழியர், தருமபுரி)

பதில்: தங்கம் கிடைக்கக்கூடும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் நிற்காது என்பதால் இந்த வழக்கில் நான் உங்கள் நண்பர் பக்கம். குல்வீர் அந்த நேரத்தை ஓடியது அமெரிக்காவின் சான் யுவான் கேபிஸ்ட்ரானோவில், நல்ல நேரம் பதிவு செய்வதற்கென்றே நடத்தப்படும் ஓட்டம் ஒன்றில். அங்கே வேகத்தைச் சீராகப் பிடித்துக்கொடுக்கப் பேஸ்மேக்கர்கள் முன்னால் ஓடுவார்கள். பின்னால் வருபவர் 400 மீட்டர் சுற்றுக்கு ஏறத்தாழ 64.8 விநாடி என்ற கணக்கை விட்டு விலகாமல் தொடர்ந்தால் போதும். சாம்பியன்ஷிப் ஓட்டத்தில் பேஸ்மேக்கர் கிடையாது. நேரத்துக்கும் அங்கே மதிப்பு இல்லை. முதல் மூன்று பேருக்குள் வருவதற்குத்தான் மதிப்பு.

2025 செப்டம்பர் 14 அன்று டோக்கியோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் 10,000 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். புழுக்கமான இரவு. தங்கம் வென்ற பிரான்ஸின் ஜிமி கிரெசியே எடுத்துக்கொண்ட நேரம் 28 நிமிடம் 55.77 விநாடி, அதாவது சராசரியாகச் சுற்றுக்கு 69.4 விநாடி. அந்தக் களத்தில் நின்றவர்களுள் 26 நிமிடம் 31.01 விநாடி ஓடியிருந்த எத்தியோப்பியாவின் யோமிப் கெஜெல்ச்சாவும் ஒருவர், அவர் 0.06 விநாடியில் தங்கத்தை இழந்தார். வெண்கலம் பெற்ற சுவீடனின் ஆண்ட்ரியாஸ் ஆல்ம்கிரென் இளம் வயதில் 800 மீட்டர் ஓடிப் பெயர் பெற்றவர். நம் குல்வீர் 29 நிமிடம் 13.33 விநாடியில் 16ஆம் இடத்தில் முடித்தார்.

27 நிமிடத்தில் ஓடத் தெரிந்தவர் 29 நிமிட ஓட்டத்தில் ஏன் பின்தங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். மெதுவான ஓட்டம் என்பது கடைசிவரை மெதுவாக நடப்பதன்று. இருபது சுற்றுகளுக்கு மேல் எல்லாரும் சேர்ந்து அடக்கி வாசித்துவிட்டு, எஞ்சியிருக்கும் சில சுற்றுகளில் 1,500 மீட்டர் ஓடுபவரின் வேகத்துக்குப் போய்விடுவார்கள். சீரான 65 விநாடிச் சுற்றுகளை அடுக்கிக்கொண்டே போகும் திறமை வேறு, 70 விநாடிச் சுற்றிலிருந்து சட்டென்று 54 விநாடிச் சுற்றுக்கு மாறும் திறமை வேறு. முதல் திறமையை நேரப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை அது காட்டாது. காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்களே, அந்த ஓட்டத்தில் பக்கத்தில் ஓடுபவர் யார் என்பதைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. சாம்பியன்ஷிப்பில் கவலையெல்லாம் பக்கத்தில் ஓடுபவரைப் பற்றித்தான்.

கேள்வி: ஓட்டம் வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா என்பதை முன்கூட்டியே ஊகிக்க வழி உண்டா? மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்கிறேன். (உடற்கல்வி ஆசிரியர், அரூர்)

பதில்: ஓரளவுக்கு உண்டு. நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். போட்டியாளர் பட்டியல் கைக்கு வந்ததும் எல்லாரும் 10,000 மீட்டர் நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் என்ன ஓடியிருக்கிறார் என்று தேடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இவர் கடைசிச் சுற்றுக்கு அஞ்சுகிறவரா? அஞ்சுகிறவருக்கு ஓட்டம் வேகமாகப் போக வேண்டும். மற்றவர்களின் கால்களில் இருக்கும் வேகம் கடைசிச் சுற்றுக்கான மணி அடிப்பதற்கு முன்பே வடிந்துவிட வேண்டும். அஞ்சாதவருக்கு ஓட்டம் எவ்வளவு மெதுவாகப் போனாலும் சம்மதம். ஆகவே ஓட்டத்தை வேகமாக்கும் தேவை யாருக்கு இருக்கிறது, அந்தத் தேவையை நிறைவேற்றும் உடல்வலு அவருக்கு இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் பாதிக் கணிப்பு முடிந்துவிடும்.

மீதிப் பாதி சிக்கலானது. தேவை இருப்பவர்கள் பலராக இருந்தால், டீக்கடையில் காசு கொடுக்கும் நேரத்தில் நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அப்படி ஆகிவிடும். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்க வேண்டும். சுற்றுக்கு 64 விநாடி என்பது மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். அந்த வேகத்தில் எதிர்க்காற்றைத் தனியாளாக வாங்கிக்கொண்டு இருபத்தைந்து சுற்று ஓடுவதற்கும், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி ஓடுவதற்கும் வேறுபாடு பெரியது. அதனால் தேவை இருந்தும் ஒருவரும் முன்வராமல் ஓட்டம் மந்தமாகிவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ரியோ 2016 ஒலிம்பிக்கின் 1,500 மீட்டர் இறுதியை அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3 நிமிடம் 50.00 விநாடியில் வென்றார். 1932க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவ்வளவு மெதுவான வெற்றி நேரம் இருந்ததில்லை. உலகின் சிறந்த வேகக்காரர்கள் எல்லாரும் அந்தக் களத்தில் இருந்தார்கள். முன்னால் போகத்தான் ஆள் இல்லை.

ஒரே நாட்டிலிருந்து இருவர் மூவர் ஓடும்போது நிலைமை மாறும், ஏனென்றால் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு மூன்று பேர், ஆசியப் போட்டியில் இரண்டு பேர். வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இரவில் வேகத்தைக் கூட்டுவதற்கு யாருக்கும் துணிவு வராது, வந்தாலும் நிலைக்காது. செப்டம்பர் கடைசியில் நகோயா இன்னும் புழுக்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக் 10,000 மீட்டரில் எத்தியோப்பிய வீரர்கள் மூவரும் கூட்டாகத் திட்டமிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். இருந்தும் தங்கம் உகாண்டாவுக்குப் போய்விட்டதே, ஏன்? (கல்லூரி மாணவி, பென்னாகரம்)

பதில்: நல்ல கேள்வி. அந்த ஓட்டத்தைப் பலரும் எத்தியோப்பியாவின் தோல்வி என்று எழுதினார்கள். என் மதிப்பீட்டில் திட்டம் சரியானது, அளவு போதவில்லை.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில், 2021இல் டோக்கியோவில், உகாண்டாவின் ஸ்டீபன் கிஸ்ஸா தொடக்கத்திலேயே தனியாக முன்னேறிப் போனார். மற்றவர்கள் துரத்துவார்கள், துரத்திக் களைத்துப்போவார்கள், அதில் தம் நாட்டின் ஜோஷுவா செப்டெகேய்க்கு வழி பிறக்கும் என்பது எண்ணம். ஒருவரும் துரத்தவில்லை. கிஸ்ஸா ஓட்டத்தை முடிக்காமலேயே விலகினார். ஓட்டம் 27 நிமிடம் 43 விநாடியில் முடிந்தது. தங்கம் எத்தியோப்பியாவின் செலமோன் பரேகாவுக்கு, வெள்ளி செப்டெகேய்க்கு. தனி ஒருவர் ஓடிப்போனால் கூட்டம் அவரைக் கண்டுகொள்ளாது என்பதை எல்லாரும் அன்றைக்குப் பார்த்தார்கள்.

பாரிஸில் எத்தியோப்பியர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். பெரிஹூ அரேகாவி, கெஜெல்ச்சா, பரேகா மூவரும் மாறி மாறி முன்னால் வந்து, கூட்டத்தை விட்டு விலகாமல், கூட்டத்தையே இழுத்துக்கொண்டு போனார்கள். விளைவு, முதல் 13 பேரும் பழைய ஒலிம்பிக் சாதனையான 27 நிமிடம் 1.17 விநாடியை முறியடித்தார்கள். அந்தச் சாதனை 2008இல் எத்தியோப்பியாவின் கெனனிசா பெக்கெலே படைத்தது. செப்டெகேய் 26 நிமிடம் 43.14 விநாடி, அரேகாவி 26 நிமிடம் 43.44, அமெரிக்காவின் கிராண்ட் பிஷர் 26 நிமிடம் 43.46. ஐந்தாவதாக வந்தவர்கூட முதல்வருக்கு ஒரு விநாடிக்குள்தான் இருந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 26 நிமிடம் 11.00 விநாடி என்ற உலகச் சாதனையை 2020இல் வலென்சியாவில் படைத்தவர் செப்டெகேய். சுற்றுக்கு 64 விநாடி என்பது மற்றவர்களுக்குக் கடுமையான வேகம். அவருக்கு அது இன்னும் தாங்கக்கூடிய வேகம். அவரை உடைக்க வேண்டுமானால் சுற்றுக்கு ஒரு விநாடி இன்னும் குறைத்திருக்க வேண்டும், அப்படிச் செய்தால் தாங்களே உடைந்துபோவோம் என்ற அச்சம் எத்தியோப்பியர்களுக்கு இருந்திருக்கும். ஆகவே அவர்கள் உழைத்து உருவாக்கிய வேகம், அவர்களின் முக்கிய எதிரிக்கே பொருந்திய வேகமாகிவிட்டது. அணித் திட்டத்தைக் கணிக்கும்போது மூவர் சேர்ந்தால் வலிமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாமல், அந்த வேகம் யாருக்கு உதவும் என்று பார்ப்பது இதனால்தான்.

கேள்வி: முதலிலிருந்தே முன்னால் ஓடி வெல்வது இந்தக் காலத்தில் நடக்காத காரியமா? (ஓய்வுபெற்ற தபால் அலுவலர், காரிமங்கலம்)

பதில்: நடக்கிறது, ஆனால் இடைவெளி போதுமான அளவு இருப்பவருக்கு மட்டும். ஹாங்சோவில் நம் அவினாஷ் சாப்ளே, தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தொடக்கம் முதல் தனியாக ஓடி 8 நிமிடம் 19.50 விநாடியில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த ஜப்பான் வீரர் நான்கு விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார். அவருக்கு ஆசியாவில் அந்த அளவு மேன்மை இருந்தது. அதே சாப்ளே பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் 11ஆம் இடம் பெற்றார்.

நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சென் இதற்கு இன்னும் தெளிவான சான்று. 2022 யூஜின், 2023 புடாபெஸ்ட், 2024 பாரிஸ் என அடுத்தடுத்து மூன்று பெரிய போட்டிகளில் 1,500 மீட்டரை முன்னின்று நடத்தி, கடைசி நீட்டத்தில் தங்கத்தை இழந்தார். பாரிஸில் பதக்கமே கிடைக்காமல் நான்காவதாக வந்தார். அதே மூன்று போட்டிகளிலும் 5,000 மீட்டரில் தங்கம் அவருக்குத்தான். ஆள் ஒருவர்தான். 1,500இல் அவரைவிட விரைவாக முடிக்கக்கூடியவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இளைப்பாறிக்கொண்டு வந்தார்கள். 5,000இல் அவ்வளவு தூரம் கடந்த பிறகு அவரைவிட விரைவாக முடிக்க ஆள் மிச்சமில்லை.

கேள்வி: தொலைக்காட்சியில் இருபத்தைந்து சுற்று பார்ப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. எதைக் கவனித்தால் ஓட்டம் புரியும்? (தொழிற்சாலை ஊழியர், ஓசூர்)

பதில்: முதல் பத்து சுற்றில் டீ குடித்துவிட்டு வரலாம், குற்றமில்லை. வந்து உட்கார்ந்ததும் முதலில் வருபவரைப் பார்க்காமல் இரண்டாவதிலிருந்து எட்டாவது வரை இருப்பவர்களைப் பாருங்கள். உள்கோட்டை ஒட்டி ஓடுகிறவர் யார், வெளியே தள்ளி ஓடுகிறவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இருபது சுற்று அப்படியே போனால் 120 மீட்டருக்கு மேல் ஆகிவிடும். பதக்கமோ அரை விநாடியில், அதாவது மூன்று நான்கு மீட்டரில் முடிவாகிறது. இவ்வளவு தெரிந்தும் சிலர் வெளியே ஓடுவதற்குக் காரணம் உண்டு. உள்ளே ஒட்டி ஓடுபவர் வேகம் கூடும் நேரத்தில் முன்னாலும் பக்கத்திலும் ஆட்கள் அடைத்துக்கொள்ள, பெட்டிக்குள் மாட்டிக்கொள்வார். முன்னவரின் வலது தோளுக்கு அருகே, அரை அடி வெளியே ஓடுபவர்தான் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, வேகம் மாறும் போது யார் சற்றுத் தாமதமாகப் பதில் சொல்கிறார் என்பது. முன்னால் போகிறவர் ஒரு சுற்றின் நேரத்தை இரண்டு விநாடி குறைத்தால் கூட்டம் நூல் இழுத்தது போல் நீளும். அப்போது முன்னவருக்கும் தனக்கும் இடையே இரண்டு மீட்டர் விழவிட்டு, பிறகு அதை மெதுவாக மூடுகிறவர் இன்னும் தெம்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு உடனே ஒட்டிக்கொள்பவரின் தோள்கள் ஏறிக் கழுத்தருகே வந்துவிட்டால் அவர் கணக்கு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தை நம்பாதீர்கள். சிலர் முதல் சுற்றிலிருந்தே அழுகிற முகத்துடன் ஓடிப் பதக்கம் வாங்குவார்கள்.

கடைசி 600 மீட்டரில் எந்த வரிசையில் வருகிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். மணி அடிக்கும்போது எட்டாவது இடத்தில் இருப்பவர், எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், வளைவில் ஏழு பேரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் பிரிட்டனின் மோ பாரா 10,000 மீட்டரை 27 நிமிடம் 30.42 விநாடியில் வென்றபோது கடைசிச் சுற்று 53 விநாடிக்குச் சற்று மேல். ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே முன்னிலையைக் கைப்பற்றிக்கொண்டு, தம்மைத் தாண்ட நினைப்பவர் வெளிப்பக்கமாக நீண்ட தூரம் ஓடும்படி செய்துவிட்டார். அவரைப் புகழ்பவர்கள் அவருடைய வேகத்தைப் பேசுகிறார்கள். அவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு அந்த வேகத்தைச் செலவிட்டார் என்பதைப் பேசுகிறவர் குறைவு.

கடைசி நீட்டத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் சிட்னி 2000 ஒலிம்பிக் 10,000 மீட்டர் ஓட்டத்தின் காணொளியைத் தேடிப் பாருங்கள். கென்யாவின் பால் டெர்காட் முந்திக்கொண்டு பாய்ந்துவிட, எத்தியோப்பியாவின் ஹெய்லே கெப்ரெசெலாஸி கோட்டருகே அவரைப் பிடித்து 0.09 விநாடியில் வென்றார். அதே ஒலிம்பிக்கின் ஆண்கள் 100 மீட்டரில் முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இருந்த வேறுபாடு 0.12 விநாடி.

கேள்வி: புதுக்கோட்டை லட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பதக்கம் வென்று பறிகொடுத்தது எப்படி? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: கோவிந்தன் லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே உள் எல்லையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு புவனேஸ்வர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றவர் அவர். கூட்டத்துக்குள் நெருக்கியடித்து ஓடும்போது ஓர் அடி தவறுவது எவருக்கும் நேரலாம். டோக்கியோ 2025இல், பாரிஸ் ஒலிம்பிக்கின் 1,500 மீட்டரில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கோல் ஹாக்கர், அரையிறுதியில் மற்றவரை இடித்துக்கொண்டு புகுந்ததற்காக வெளியேற்றப்பட்டார். சில நாள் கழித்து 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். லட்சுமணனுக்கு அப்படி இரண்டாவது வாய்ப்பு வாய்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி: எங்கள் ஊர் மேட்டு நிலம், குளிர்ச்சியான காற்று. கென்யாவில் மலையில் பயிற்சி செய்கிறார்கள் என்கிறார்களே, இங்கேயும் அந்தப் பலன் கிடைக்குமா? (ஓட்டப் பயிற்சி செய்பவர், தேன்கனிக்கோட்டை)

பதில்: ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கென்யாவின் இட்டென் 2,400 மீட்டர். நம் உதகை 2,200 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவதால் உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கத் தொடங்குவது 2,000 மீட்டரை ஒட்டிய உயரங்களில்தான். ஆகவே இட்டெனின் பலன் தேன்கனிக்கோட்டையில் கிடைக்காது. ஆனால் அஞ்செட்டிச் சாலையில் ஏற்றமும் இறக்கமுமாக நீண்ட தூரம் ஓடலாம், ஏப்ரல் மாதத்திலும் காலையில் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். சமவெளியில் உள்ளவர்கள் ஏங்கும் வசதி அது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் 3,000 மீட்டர் ஓடுகிறாள். குறுவட்டப் போட்டியில் எளிதாக வென்றுவிடுகிறாள். மாவட்டப் போட்டியில் ஏழு சுற்று வரை முன்னால் இருந்துவிட்டு, கடைசி இருநூறு மீட்டரில் ஒரே பெண்ணிடம் இரண்டு முறை தோற்றுவிட்டாள். பின்னால் ஓடிக் கடைசியில் முந்தச் சொல்லலாமா? (தாய், பாலக்கோடு)

பதில்: அம்மா, அப்படிச் சொல்லிவிடாதீர்கள். கடைசி இருநூறில் அந்தப் பெண் விரைவானவள் என்பது இரண்டு முறை நிரூபணமாகிவிட்டது. மகள் பின்னால் ஒதுங்கி ஓடினால் ஓட்டம் மெதுவாகும், இருவருக்கும் தெம்பு மிஞ்சும், மீண்டும் அதே இருநூறு மீட்டரில் முடிவாகும். எதிராளிக்குப் பிடித்த ஓட்டத்தை நாமே நடத்திக்கொடுத்தது போலாகும்.

அவள் இப்போது செய்வதிலும் குறை உண்டு. ஒரே சீரான வேகத்தில் முன்னால் ஓடுகிறாள் என்று நினைக்கிறேன்; அது பின்னால் வருபவளுக்கு இலவசமாகப் பேஸ்மேக்கர் வேலை பார்ப்பதாகும். சீரான வேகத்தைத் தொடர்வது எளிது; மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தைத் தொடர்வது உடலையும் மனத்தையும் ஒருசேர வாட்டும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் 10,000 மீட்டரில் சோவியத் வீரர் விளாதிமிர் கூட்ஸ், பிரிட்டனின் கார்டன் பிரீயை இப்படித்தான் உடைத்தார். திடீரென்று பாய்வார், பிரீ ஒட்டிக்கொள்வார். வேகத்தைத் தளர்த்துவார், பிரீ மூச்சு வாங்குவதற்குள் மீண்டும் பாய்வார். கூட்ஸ் தங்கம் வென்றார், பிரீ எட்டாவதாக வந்தார்.

3,000 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. நான்காவது சுற்றில் ஒரு முறையும் ஆறாவது சுற்றில் ஒரு முறையும் நூற்றைம்பது மீட்டர் அளவுக்கு வேகத்தைக் கூட்டி இறக்கிப் பார்க்கட்டும். கடைசி 600 மீட்டருக்கு முன்பே, அந்தப் பெண் எதிர்பாராத இடத்தில், நீண்ட பாய்ச்சலைத் தொடங்கட்டும். இதை மாவட்டப் போட்டியன்று முதல்முறையாகச் செய்யக் கூடாது. வாரத்தில் ஒரு நாள், ஏற்கெனவே களைத்த கால்களுடன் 600 மீட்டரை இரண்டு மூன்று முறை ஓடிப் பழக வேண்டும். இதோடு கடைசி இருநூறின் வேகத்தையும் விட்டுவிடாமல் வளர்க்க வேண்டும். களத்தில் பினிஷிங் என்கிறார்களே, அது பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் அவர் சொல்லுக்கே முதலிடம் கொடுங்கள்.

கேள்வி: ஒரே போட்டியில் இரண்டு ஓட்டங்களில் கலந்துகொள்பவரைக் கணிக்கும்போது இரண்டாவது ஓட்டத்தில் அவரைத் தள்ளி வைக்கலாமா? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: கால இடைவெளியைப் பார்க்காமல் தள்ளி வைக்காதீர்கள். ஹாங்சோவில் பாருல் சௌத்ரி ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வென்ற மறுநாளே 5,000 மீட்டர் ஓடி, ஜப்பானின் ரிரிகா ஹிரோனகாவைக் கடைசிச் சில மீட்டர்களில் முந்தி 15 நிமிடம் 14.75 விநாடியில் தங்கம் வென்றார். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் 2024 பாரிஸிலும் 2025 டோக்கியோவிலும் 5,000, 10,000 இரண்டையும் வென்றார். 10,000 மீட்டருக்கு ஒலிம்பிக்கிலும் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் தகுதிச் சுற்று இல்லை, நேரடி இறுதிதான். அது முதலில் நடந்து, 5,000க்கு முன் சில நாள் ஓய்வு கிடைத்தால் வல்லவர்கள் மீண்டுவிடுவார்கள். நான் ஐயப்படுவது மெதுவாக நடந்த முதல் ஓட்டத்தைவிட வெப்பத்தில் நடந்த முதல் ஓட்டத்தைப் பற்றித்தான். வெப்பமும் நீரிழப்பும் தரும் களைப்பு ஆறச் சில நாள் ஆகலாம்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் ஐயா. நகோயாவில் ஆண்கள் 5,000, 10,000 மீட்டரில் யாருக்குப் பதக்கம்? (மாங்கூழ் ஆலை ஊழியர், கிருஷ்ணகிரி)

பதில்: பணம் வைத்துப் பந்தயம் கட்டாத வரை சொல்வதில் தடையில்லை. 2025இல் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். அங்கே குல்வீர் இரண்டு தங்கமும் வென்றார். 10,000 மீட்டரில் அவர் 28 நிமிடம் 38.63 விநாடி, ஜப்பானின் மெபுகி சுசுகி 28 நிமிடம் 43.84, பஹ்ரைனின் ஆல்பர்ட் ரோப் 28 நிமிடம் 46.82. ஐந்து விநாடி இடைவெளி என்பது மெதுவாக நடந்த ஓட்டத்தில் மிகப் பெரியது. அதே போட்டியின் 5,000 மீட்டரில் குல்வீர் 13 நிமிடம் 24.77, தாய்லாந்தின் கியரன் துந்திவாத் 13 நிமிடம் 24.97, ஜப்பானின் நாகியா மோரி 13 நிமிடம் 25.06. மூவரும் 0.29 விநாடிக்குள்.

இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்த்தால், 10,000இல் குல்வீரை முதலிடத்தில் வைக்கலாம். 5,000இல் அவரைப் பதக்கத்துக்குள் வைக்கலாம், நிறத்தை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஹாங்சோவில் இரண்டு ஓட்டங்களையும் வென்ற பஹ்ரைனின் பிர்ஹானு பாலேவ் களத்தில் இருந்தால் 10,000இன் கணக்கும் இறுகும், ஏனென்றால் அவர் கடைசிச் சுற்றுக்கு அஞ்சுகிறவர் அல்லர். அப்படி அமைந்தால் இந்தியாவின் இரண்டாவது வீரர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். ஹாங்சோவில் கார்த்திக் குமார் வெள்ளியும் குல்வீர் வெண்கலமும் பெற்றது இருவர் சேர்ந்து ஓடிய ஓட்டத்தில்தான். பதினெட்டாம் சுற்று வாக்கில் இரு இந்தியர்களும் முன்னால் வந்து சுற்றை 66 விநாடிக்குக் கீழே இறக்கினால், அது குல்வீருக்குப் பிடித்த ஓட்டம். சுற்றுக்கு 70 விநாடி என்று மணி அடிக்கும் வரை நீண்டால், உள்ளூர் ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே ஓடும் ஜப்பானியர்களுக்கும் பஹ்ரைன்காரருக்கும் ஒரு பங்கு கூடுதல் வாய்ப்பு உண்டு. அன்று இரவு காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் கணிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய ஊகம், குல்வீருக்கு 10,000இல் தங்கம், 5,000இல் வெள்ளி.